முன்னோர்மீது ஏற்றிய சொல்

கோடையின் நெடும்பகல் நாளன்று, இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் வெள்ளங்கி பூண்ட ட்ரூயிடுகள் கூடிக் கதிரவனை வரவேற்கின்றனர். தம் தொல் முன்னோரின் நெறி இதுவே என்பது அவர்களுள் பலரது நம்பிக்கை. பற்றினை மதிக்கலாம், சான்றினைச் சோதியாது விடலாகாது.

அப்பெருங்கற்கள் நிறுத்தப்பெற்றது கி.மு. 2500 அளவில். ட்ரூயிடுக் குருமாரைப் பற்றி விரித்தெழுதிய ஜூலியஸ் சீசரோ கி.மு. முதல் நூற்றாண்டினர். இடையே இரண்டாயிரம் ஆண்டு மௌனம்! தொடர் அறுந்த செய்தியை எவ்வாறு ஏற்பது? கல்லையும் குருமாரையும் முடிச்சிட்டவர்கள் 17ஆம் நூற்றாண்டின் ஜான் ஆப்ரேயும், 1740இல் நூல் வெளியிட்ட வில்லியம் ஸ்டூக்லியுமே. சடங்கின் கதை இன்னும் சுவையானது. 1792இல் லண்டன் குன்றொன்றில் கவிஞர் அவை கூட்டி, அதைப் பண்டை மரபென்று சாதித்த அயோலோ மோர்கன்வுக், பழஞ்சுவடிகளைத் தாமே புனைந்தவர். (கவித்திறன் மிக்கவர்தாம், அதுவே வினையாயிற்று.)

‘முன்னோர்’ என்னும் சொல்லும் நிற்கவில்லை. கல் நிறுத்திய காலத்தை அடுத்த சில நூற்றாண்டுகளில், பிரிட்டன் மக்களின் மரபுக்கூறில் ஏறத்தாழ 90 விழுக்காடு கடல்கடந்து வந்தோருடையதாய் மாறிற்று என 2018இல் வெளியான மரபணு ஆய்வு காட்டுகிறது.

முந்நூறாண்டுப் புதுநெறி என்று அவர்கள் சொல்லிக்கொள்வாராயின் நமக்கு வழக்கில்லை. மறுமொழி கூற இயலாத உழவர்மீது தம் சொல்லை ஏற்றுவதே வழக்கு.