வெள்ளித்திரையில் துரையின் துப்பாக்கி

ஐரோப்பியர் எடுக்கும் குற்றப் படங்களில் துப்பாக்கியும் ஒரு நடிகனே. 1970-இல் ழான் பியேர் மெல்வில் எடுத்த 'சிவப்பு வட்டம்' என்னும் பிரெஞ்சுப் படத்தில், குடியால் கெட்டொழிந்த பழைய போலீஸ்காரன் ஒருவன் தனக்கு வேண்டிய ரவையைத் தானே உலோகம் உருக்கி வார்க்கிறான். நகைக்கடைப் பூட்டின் துவாரத்துக்குள் ஒரே வெடியில் அதனைச் செலுத்துகிறான். அவன் கை நடுங்குமா, நடுங்காதா என்பதிலேயே அக்காட்சியின் உயிர் நிற்கிறது. அங்கே துப்பாக்கி தொழில் திறமையைக் காட்டுவது. திருடனிடமும் அது உண்டு, போலீசாரிடமும் உண்டு. யார் வைத்திருக்கலாம், யார் வைத்திருக்கலாகாது என்னும் வழக்கு அங்கே எழுவதில்லை.

அவ்வழக்கு எழ வேண்டிய படம் வேறொன்று உண்டு. அது நம் நாட்டைப் பற்றியது. 1952-இல் பிரிட்டிஷார் வெளியிட்ட 'தி பிளான்டர்ஸ் ஒய்ஃப்', அதாவது 'துரையின் மனைவி', கென் அன்னகின் இயக்கியது. ஜாக் ஹாக்கின்ஸ் ரப்பர்த் தோட்டத் துரையாகவும், கிளாடெட் கோல்பேர் அவர் மனைவியாகவும் நடித்துள்ளனர். தோட்டத்தைக் காப்பதே கதியென்று கிடக்கும் கணவன், மனம் கசந்து மகனுடன் சீமைக்குப் புறப்பட எண்ணும் மனைவி, பிறகு பங்களாவின் மீது தாக்குதல், இருவரும் சேர்ந்து சுடுதல், இல்லறம் மீண்டும் பொருந்துதல் — கதை இவ்வளவே.

லெம்பா பெர்த்தாம் தேயிலைத் தோட்டத்தார்க்கு இப்படத்தின் நிலவமைப்பை விளக்க வேண்டியதில்லை. அங்கே ரப்பர், இங்கே தேயிலை; மற்றபடி மேட்டிலே பங்களா, தாழ்விலே லயம், அதற்கப்பால் காடு. காமிரா பெரும்பாலும் மேட்டிலேயே தங்கிவிடுகிறது. லயத்தை அது அறிந்துகொள்ள விரும்பவில்லை.

குணத்தையும் கூறிவிடுவோம். ஹாக்கின்ஸின் களைத்த முகம் பொய் சொல்லவில்லை. சிறுவன் இருக்குமிடத்தில் நாகம் புகுவதும் கீரி அதனை எதிர்ப்பதும் நெஞ்சைப் பிடிக்கும் காட்சி. (படத்தில் தன் கடமையை ஐயமறச் செய்வது அந்தக் கீரி ஒன்றே என்று சொல்லத் தோன்றுகிறது.) துரைமாரின் அச்சமும் கற்பனையன்று. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் துரைமார் மூவர் கொல்லப்பட்ட பின்னரே அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1951 அக்டோபர் 6-இல், பிரேசர் மலைக்குச் செல்லும் பாதையில், ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டிலிருந்தோர் வெள்ளையரை மட்டும் கொன்றாரல்லர். கூலிக்கு உழைத்த தொழிலாளரும் அவர் கையால் மாண்டனர். பால் தரும் மரங்களும் வெட்டுண்டன. இவற்றை மறைத்து எழுதுவது நமக்கு அழகன்று.

ஆயினும், ஓர் அரசியல் போரைப் படமெடுத்தோர் வெறுங் கொள்ளைக் கதையாக்கினர் என்பதே நமது குற்றச்சாட்டு. காட்டிலிருந்தோரை அன்றைய சர்க்கார் 'பேண்டிட்', அதாவது கொள்ளையர், என்றே அழைத்து வந்தது. 1952-இல்தான் அப்பெயரை மாற்றியது. படமும் அந்தப் பழைய சொல்லையே பற்றிக்கொண்டது. கொள்ளையனென்று பெயரிட்டுவிட்டால் அவன் ஏன் காட்டுக்குப் போனான் என்று கேட்க வேண்டியதில்லையன்றோ? தொழிற்சங்கங்கள் 1948-இல் என்னவாயின என்ற கேள்வியும் அத்துடன் ஒழிந்தது.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். படத்தில் துரையின் கையிலும் அவர் மனைவியின் கையிலும் அது குடும்பத்தைக் காக்கும் தாலி போல விளங்குகிறது. அதே துப்பாக்கி நம்மவர் ஒருவர் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு விடை, படம் வெளிவருவதற்கு மூன்றாண்டு முன்னரே எழுதப்பட்டிருந்தது. அவசரகாலச் சட்டத்தின்படி உத்தரவின்றி ஆயுதம் வைத்திருத்தல் மரண தண்டனைக்குரிய குற்றம். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச்சில் ரவாங் அருகே ஒரு கைத்துப்பாக்கியுடனும் ஆறு ரவைகளுடனும் பிடிபட்டார். அவர் எவரையேனும் சுட்டார் என்பதன்று வழக்கு, வைத்திருந்தார் என்பதே. இந்திய சர்க்கார் கருணை கோரியும் பயனில்லை. 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள், அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மேட்டுப் பங்களாவிலே துப்பாக்கி வீரத்தின் அடையாளம். தாழ்வு லயத்திலே தூக்குக் கயிறு. இந்த வேறுபாட்டைப் படம் கண்டிருந்தால், கணவன் மனைவி ஊடலைவிட எத்துணைப் பெரிய நாடகம் அதற்குக் கிடைத்திருக்கும்! அன்னகின் கைதேர்ந்த இயக்குநர். வெடியோசையை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே எழுப்ப வேண்டும் என்று அறிந்தவர். அறிந்தவர் பாராமுகமாயிருந்ததே நமக்கு வருத்தம்.

அமெரிக்காவில் இதே படத்துக்கு 'மலாயாவில் ஒரு காவற்சாவடி' என்று பொருள்படும் பெயரிட்டார்கள். விளம்பரத்திற்காக வைத்த பெயராயினும் மெய்க்கு அதுவே அருகில் நிற்கிறது. படத்தில் நாயர் என்னும் பாத்திரத்தில் தோன்றுபவர் புகழ்பெற்ற நடனக் கலைஞர் ராம் கோபால். உலக மேடைகளைத் தம் அசைவால் ஆண்ட அவருக்கு இங்கே எத்துணைச் சிறிய இடம் என்பதையும், அவருக்குப் பின்னே பெயரின்றி நிற்போரின் முகங்களையும், படத்தைத் தேடிப் பார்க்கும் அன்பர்கள் கவனிக்குமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.