ஊர்க்காரரைக் காவலுக்குக் கூப்பிட்டபோது

ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், காவல்துறைக்கும் மக்களுக்கும் நடுவில் ஊர்க்காரர்களையே தன்னார்வலர்களாக நிறுத்தும் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பை 1993-இல் தொடங்கினார். அது மாநிலம் முழுக்கப் பரவியது. சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல்துறையினரால் வதைக்கப்பட்டு இறந்ததை அடுத்து, 2020 ஜூலையில் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது. அதில் எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

சின்ன ஊரில் மக்களை அன்றாடம் வாட்டுவது கொலையோ கொள்ளையோ அல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாட்டிலோடு உட்காரும் கூட்டம், பெண்கள் பள்ளி விடும் நேரத்தில் வாசலைச் சுற்றும் பைக்குகள், கொடை விழாவில் மைக்செட்டில் தொடங்கி அடிதடியில் முடியும் தகராறு. இதற்கெல்லாம் யாரும் எழுத்தில் புகார் தருவதில்லை. நாளைக்கும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். மீறித் தருவதென்றால் துணைக்கு ஒரு கட்சிக்காரரோ வக்கீலோ வேண்டும். இல்லாதவருக்குப் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதே பெரும்பாடு. அந்தப் பயத்தைப் போக்க, தெருவை அறிந்த, காசு எதிர்பார்க்காத ஒருவர் நடுவில் நிற்கலாம் என்ற யோசனை மிக நல்ல யோசனை. இன்றும் அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் தெருவை அறிந்தவர் என்றால் அந்தத் தெருவின் சாதியையும் பங்காளிச் சண்டையையும் சேர்த்தே அறிந்தவர். யார் வீட்டுப் பையன் குடிக்கிறான் என்று அவருக்குத் தெரியும். யார் வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்லக்கூடாது என்பதும் தெரியும். தேர்ந்தெடுப்பது ஸ்டேஷன் என்பதால், அதிகாரிக்கு வேண்டியவர்களே உள்ளே வர வழியிருந்தது. அதைவிடப் பெரிய கோளாறு ஆள் பற்றாக்குறையால் வந்தது. மக்களோடு பேசுவதற்கென்று வந்த இளைஞர்களை வாகனச் சோதனைக்கும் இரவு ரோந்துக்கும் அனுப்பினார்கள். டி-ஷர்ட்டும் விசிலுமாக ஒருவன் வண்டியின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஆர்.சி. புக் கேட்டால், அவனுக்கு அந்த உரிமை உண்டா என்று நடுரோட்டில் நின்று யார் கேட்பார்கள்? போலீஸ்காரர் தவறு செய்தால் சஸ்பெண்ட் செய்யலாம், துறை விசாரணை வைக்கலாம். இவனை எதைச் சொல்லி விசாரிப்பது?

சாத்தான்குளத்தில் இந்தத் தன்னார்வலர்கள் மீதும் புகார் எழுந்தது. ஆனால் சிபிஐ குற்றப்பத்திரிகையில் வந்த பெயர்கள் காவல்துறையினருடையவை. அமைப்பைக் கலைத்தது அரசுக்குச் சுலபமான வேலை. ஸ்டேஷனுக்குள் அடிப்பதை நிறுத்துவதுதான் கடினமான வேலை. தடை உத்தரவு அதைத் தொடவே இல்லை.

மறுபடி இப்படி ஒன்று தொடங்கினால், ஆட்களை எஸ்.ஐ. தனியாகப் பொறுக்கக்கூடாது. காலனித் தெருவிலிருந்தும் பெண்களிலிருந்தும் கட்டாயம் ஆட்கள் வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். லத்தி, ரோந்து, வண்டிச் சோதனை எதுவும் அவர்கள் கைக்குப் போகக்கூடாது. மாதம் ஒருமுறை கூட்டம் நடக்கட்டும், ஸ்டேஷனில் அல்ல, பள்ளிக்கூடத்தில். போன மாதம் வந்த மனுக்கள் என்னவாயின என்று இன்ஸ்பெக்டர் அங்கே வந்து பதில் சொல்லட்டும்.