ஆணிமுத்தும் குதிரையின் ஸ்டெம் செல்லும்

குதிரைகளுக்கான ஸ்டெம் செல் சிகிச்சை பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தூத்துக்குடியில உட்கார்ந்துகிட்டு குதிரை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். 13ஆம் நூற்றாண்டில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காயல் எங்களுக்குப் பக்கத்தில்தான். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை, பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். அந்த வகையில் குதிரை வைத்தியம் இந்தக் கரைக்குப் பழைய கவலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பந்தயக் குதிரையின் முன்னங்கால் தசைநாண் கிழிந்தால் தழும்பாகத்தான் ஆறும். தழும்புக்கு நெகிழ்ச்சி குறைவு. ஓடினால் மறுபடி கிழியும். அதனால் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, கிழிந்த இடத்திலேயே ஊசி போடுகிறார்கள். 2012இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 113 பந்தயக் குதிரைகளில் சுமார் 27 சதவீதத்துக்குத்தான் மறுகாயம். நல்ல செய்திதான். ஆனால் அந்த ஒப்பீடு பழைய ஆய்வுகளின் எண்ணிக்கையோடு. கூடவே வேறு சிகிச்சை பெற்ற குதிரைகளோடு அல்ல.

என் பெரிய குறை வேறு. எல்லாரும் 'ஸ்டெம் செல்' என்று ஒரே பெயர் வைக்கிறார்கள். ஒருவர் மஜ்ஜையில் எடுக்கிறார், ஒருவர் கொழுப்பில், இன்னொருவர் தொப்புள்கொடியில். ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தார் பனிக்குட நீரிலிருந்தும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இவை ஒரே வேகத்தில் பெருகுவதில்லை. கிழட்டுக் குதிரையின் செல் குட்டியின் செல் மாதிரி இல்லை. ஆய்வகத்தில் பல தடவை பிரிந்து பெருகிய செல்லும் முதல் தடவை எடுத்த செல்லும் ஒன்றில்லை. நோயெதிர்ப்பைத் தூண்டும் ஒருவகைப் புரதம் சில குதிரைகளின் செல்லில் நிறைய, சிலவற்றில் இல்லவே இல்லை. ஒரு குதிரையின் செல்லை இன்னொன்றுக்குப் போடும்போது இது சின்ன விஷயமா? மனித செல்லுக்கு 2006இல் ஒரு வரையறை வகுத்தார்கள். அதைக் குதிரைக்கு அப்படியே தூக்கிப்போட முடியாது. அடையாளம் காட்டும் வேதிப்பொருள்கள் பல குதிரை செல்லில் சரியாக ஒட்டுவதே இல்லை.

எங்க ஊர்ல கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அந்தக் காலத்து வியாபாரி 'முத்து' என்ற ஒரே சொல்லுக்கு விலை சொல்லியிருக்க மாட்டார். பித்தளைச் சல்லடைகளில் போட்டு அளவு பிரித்து, உருண்டையும் ஒளியும் பார்த்து, ஆணி, வடிவு, குறுவல், தூள் என்று பேர் வைத்த பிறகுதான் பேரமே. ஒரே பாரில் எடுத்த சிப்பிக்கே அவ்வளவு சல்லடை! உயிருள்ள செல்லுக்கு ஒன்றுகூட வேண்டாமா?

முயற்சியே இல்லை என்று சொல்லவில்லை. ஐரோப்பாவில் 2019இல் அனுமதி பெற்ற இரண்டு குதிரை மருந்துகளில் ஒன்று ரத்தத்திலிருந்து எடுத்து குருத்தெலும்புப் பக்கம் திருப்பிய செல், மற்றொன்று தொப்புள்கொடிச் செல். குப்பியில் இருப்பது என்ன என்றாவது எழுதியிருக்கிறது. அதுதான் சரியான வழி.

மற்ற கட்டுரைகளிடம் நான் கேட்பது நாலே வரி: எந்தத் திசு, எத்தனை வயசுக் குதிரை, எத்தனை தடவை பெருக்கியது, ஊசி போடும்போது எத்தனை செல் உயிரோடு இருந்தது. இது இல்லாவிட்டால், குணமான குதிரை ஏன் குணமாச்சு, நொண்டியது ஏன் நொண்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. பணம் கட்டுகிறவர் ஏமாறுவது ஒருபக்கம். வாயில்லா ஜீவன் இரண்டாவது தடவையும் கால் கிழிந்து நிற்கிறதே, அதற்கு யார் பதில் சொல்வது?