ஒரு குறிப்புக் கொப்பியும் மூன்று பிள்ளைகளும்

அச்சேறாத ஒரு கையெழுத்துக் கொப்பியைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் விமர்சனம் எழுதுவது வழக்கமன்று. ஆயினும், சென்ற தவணை விடுமுறையில் நாம் படித்தவற்றுள் எம்மை மிகுதியாகச் சிந்திக்க வைத்தது நாவலுமன்று, கவிதைத் தொகுதியுமன்று. மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள சிறிய பாடசாலையொன்றில் நான்காந் தரத்துக்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஓராண்டாக எழுதிவைத்த குறிப்புகளே அவை. தம் பெயரையோ, பாடசாலையின் பெயரையோ, பிள்ளைகளின் பெயரையோ குறிப்பிடலாகாது என்ற நிபந்தனையுடன் இதைப் பற்றி எழுத அவர் இசைந்தார்.

கொப்பியின் நாயகன் ஒன்பது வயதுச் சிறுவன். தந்தை கரைவலை இழுக்கும் கூலியாள். சிறுவனின் வாசிப்பு மந்தம். கணிதத்தில் மூன்றாந் தரத்திலேயே பின்தங்கியவன். முன்னேற்ற அறிக்கையில் அவனைப் பற்றி எழுத ஆசிரியைக்குக் கிடைத்த இடம் ஒரு விரற்கடை அகலமுடைய கட்டந்தான். "மேலும் முயற்சி வேண்டும்" என்ற மூன்று சொற்களுக்கு அது போதும். அக்கட்டத்துக்குள் அடங்காத ஏதோவொன்று வகுப்பில் நிகழ்வதைக் கண்டதனாலேயே அவர் தனிக் கொப்பி தொடங்கினார். சிறுவன் தனித்திருக்கையில் ஒருவனாகவும், வேறு இருவருடன் சேர்ந்திருக்கையில் மற்றொருவனாகவும் இருந்தான். அவ்விருவருள் ஒருத்தி முஸ்லிம் சிறுமி. சரளமாக வாசிப்பவள், கையெழுத்து அழகானவள். மற்றவன் கொத்தனார் ஒருவரின் மகன். அதிகம் பேசாதவன், எதையும் படமாக வரைந்துவிடுபவன்.

கொப்பியிலுள்ள சிறந்த பக்கத்தை இங்கே சுருக்கித் தருகிறோம். பின்னம் கற்பிக்கும் நாள். வலையில் முப்பத்தாறு கிலோ மீன் பட்டால் எப்படிப் பங்கிடுவார்கள் என்று ஆசிரியை கேட்கிறார். சிறுவன் யோசிக்காமலே சொல்கிறான்: வலைக்கு அரைவாசி, பதினெட்டு, மிகுதியை இழுத்த ஒன்பது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு இரண்டு. சிறுமி அதனைக் கணித மொழியில் எழுதுகிறாள். மற்றவன் பதினெட்டு மீனை ஒரு குவியலாகவும், இரண்டிரண்டாக ஒன்பது குவியலாகவும் வரைகிறான். மறுவாரம் எழுத்துச் சோதனை. முப்பத்தாறில் அரைவாசி யாது என்பதுதான் வினா. சிறுவனுடைய விடைத்தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆசிரியை இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதியுள்ளார். உரை எதுவும் எழுதவில்லை. அவ்வாறு எழுதாமல் விட்டதற்காகவே அவரை நாம் பாராட்டுகிறோம்.

இவ்விரு பக்கங்களுள் எது உண்மை? சிறுவனுக்குப் பின்னம் தெரியுமா, தெரியாதா? இக்கேள்வியையே தம் ஆராய்ச்சியின் மையமாக வைத்தவர் சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி. 1934இல், முப்பத்தேழு வயதில், காசநோயால் மறைந்த அவ்வறிஞர் ஓர் உதாரணம் கூறுவார். பத்து வயதான இரு பிள்ளைகளைத் தனித்தனியே சோதித்தால் இருவரும் எட்டு வயதுக்குரிய கணக்குகளையே செய்கின்றனர். ஆனால் சிறிது துணை கிடைத்தால் ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதுக்குரியதைச் செய்கிறது. மற்றது ஒன்பது வயதுக்குரியதோடு நின்றுவிடுகிறது. இருவரும் சமமானவர்களா? தனியே செய்வதை மட்டும் அளக்கும் சோதனை, நேற்று முதிர்ந்த கனியை எண்ணுகிறதேயன்றி இன்று விடும் அரும்பைக் காண்பதில்லை என்பதே அவர் கருத்தின் சாரம். அவருடைய எழுத்துகள் 1978இல் ஆங்கிலத்தில் தொகுக்கப்பட்ட பின்னர் ஆசிரியர் கலாசாலைகளிலெல்லாம் அவர் பெயர் பாடமாகிவிட்டது. பெயரை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதியோர் பலர்; அவர் கேட்ட கேள்வியை வகுப்பறையில் வைத்துக் கேட்டோர் சிலர். கொப்பி எழுதிய ஆசிரியை அச்சிலருள் ஒருவர்.

எமது நாட்டின் கல்விக் கொள்கை இதனை அறியாததன்று. 1997ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களுக்குப் பின் முதன்மை நிலைக் கல்வி விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகியவற்றின் கலவையாக வகுக்கப்பட்டது. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடத்தின் நோக்கமே மொழி, கணிதம், அறிவியல் என்ற வேலிகளைத் தாண்டுவதுதான். கொப்பியில் வரும் காற்றுப் பற்றிய பாடம் இதற்கு நல்ல சான்று. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என நான்கு காற்றுகளின் பெயரையும் திசையையும் சிறுவன் சொல்ல, அவை திசைப் படமாகின்றன. சோளகம் எழும்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடலில் தொழில் நடக்கும் என்று அவன் கூறியது மொழிப் பாடத்தில் கட்டுரையாகிறது. 2020இல் தீவின் தென்கரையில் நிறுவப்பட்ட முப்பது காற்றாலைகளும் பெருக்கற் கணக்காகின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று இறக்கை என்றால் மொத்தம் எத்தனை? மூன்று நாட்களில் நான்கு பாடங்கள்! பாட நேரசூசி இதனை அனுமதித்ததா என்று வினவினோம். ஆசிரியை சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை.

ஆனால் இக்கலவை முழுவதும் ஐந்தாந் தரத்தின் வாயிலில் வந்து முட்டிக்கொள்கிறது. புலமைப்பரிசில் பரீட்சை நல்ல நோக்கத்துடன் பிறந்தது என்பதை மறத்தலாகாது. கன்னங்கராவின் தலைமையில் 1943இல் வெளியான அறிக்கையும், 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், மத்திய மகாவித்தியாலயங்களும் இல்லையேல் இக்கட்டுரையை எழுதுவோரும் படிப்போருமாகிய நம்மிற் பலர் எங்கே நின்றிருப்போம்? ஏழைப் பிள்ளைக்கு ஏணியாக அமைந்த பரீட்சை, இன்று வசதியுள்ளோர் தனியார் வகுப்புகளுக்குப் பணங்கொடுத்து ஓடும் பந்தயமாகிவிட்டது. (ஏணி என்றதும் நினைவுக்கு வருகிறது: தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2007ஆம் ஆண்டையொட்டி விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றலில் 'கற்றல் ஏணி' என ஒன்று இருந்தது. பயமின்றித் தன் வேகத்திற் பயிலலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு. எனினும் ஏணியில் ஒரு வேளையில் ஒருவர்தானே ஏறலாம்?)

கொப்பியில் எழுத்தே இல்லாத ஓர் இடமும் உண்டு. சமய பாட வேளையில் மூவரும் மூன்று அறைகளுக்குப் போய்விடுகின்றனர். ஆசிரியையின் குறிப்பும் அங்கே அறுந்துவிடுகிறது. ஒரே ஒருமுறை மட்டும், திரும்பி வந்த மூவரும் "உங்களுக்கு இண்டைக்கு என்ன கதை சொன்னவை?" என்று ஒருவரையொருவர் கேட்டதாக ஒரு வரி காணப்படுகிறது. மன்னாரை அறியாதோர் இவ்வரியைச் சாதாரணமாகக் கடந்து செல்லலாம். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னாரிலிருந்து சென்றோரிற் பெரும்பாலானோர் புத்தளத்தில் இருபதாண்டு அகதிகளாய் வாழ்ந்தனர். 2009இற்குப் பின்னர் குடும்பங்கள் சிறுகச் சிறுக மீண்டன. கொப்பியில் வரும் சிறுமியின் தாயார் புத்தளத்து முகாமில் வளர்ந்தவர். மகளின் வயதில் அவருக்கு அருகில் இருந்திருக்க வேண்டிய கத்தோலிக்கப் பிள்ளையும் சைவப் பிள்ளையும் இருக்கவில்லை. ஒரு தலைமுறை இழந்த வாங்கு அது. கூட்டுக் கற்றல் என்பதை வெறுங் கற்பித்தல் உத்தியாகக் கருதும் கல்வியியல் நூல்களுக்கு இவ்வாங்கின் நீளம் தெரியாது.

இனிக் குறைகளைக் கூறுவோம். நல்லெண்ணத்தால் எழுதப்பட்டது என்பதற்காக ஒரு பிரதியின் குறைகளை மறைப்பது விமர்சனமன்று.

முதலாவது, மொழி. "மகிழ்ச்சியுடன் பங்குபற்றினான்", "ஆர்வத்துடன் ஈடுபட்டனர்", "குழுவாகச் செய்து முடிக்கப்பட்டது" என்ற தொடர்கள் பல பக்கங்களில் வருகின்றன. இவை ஆசிரியையின் சொற்களல்ல, சுற்றறிக்கைகளின் சொற்கள். யார் எதைச் சொன்னார், யார் மறுத்தார், யார் மௌனமாயிருந்தார் என்பதெல்லாம் இத்தொடர்களுக்குள் மறைந்துவிடுகின்றன. 'குழு' என்று எழுதியவுடன் மூன்று பிள்ளைகளும் காணாமற் போய்விடுகின்றனர். தனியாள் புள்ளியில் மற்றவர்கள் மறைவது போலவே, குழுவின் புகழிலும் தனியாள் மறையலாம்.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் 1945இல், போர் முடிந்த கையோடு, ஜெர்மானியர் விட்டுச்சென்ற டாங்கியையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் உழவர்களும் பெண்களும் சிறுவர் பள்ளியொன்றைக் கட்டினர். லோரிஸ் மலகுச்சி என்ற இளம் ஆசிரியர் அங்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் அந்நகரப் பள்ளிகள் உலகப் புகழ் பெற்றமைக்கு ஒரு காரணம், பிள்ளைகள் பேசியதைப் பேசியபடியே எழுதி, அவர்களுடைய படங்களுடன் சுவரில் மாட்டிப் பெற்றோரும் ஊராரும் படிக்கச் செய்தமையாகும். அங்கே பதிவு என்பது பிள்ளையைத் தரம் பிரிக்கும் கருவியன்று. ஊருடன் நடத்தும் உரையாடல். எமது ஆசிரியையின் கொப்பியோ அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தது.

இரண்டாவது குறை பெரியது. மீன் பங்கீட்டுப் பாடத்தின் முடிவில் சிறுமி ஒரு வினாக் கேட்டிருக்கிறாள்: "வலை சாப்பிடாதே, பிறகு ஏன் வலைக்கு அரைவாசி?" சிறுவன் "அது சம்மாட்டிக்கு" என்கிறான். "சம்மாட்டி இழுத்தவரோ?" "இல்லை." இதன்கீழ் ஆசிரியை எழுதியிருப்பது: "பாடத்துக்குப் புறம்பான பேச்சு. நிறுத்தினேன்." கொப்பி முழுவதிலும் மிகச் சிறந்த உரையாடல் இதுவே என்பது எம் துணிபு. மொழி, கணிதம், சுற்றாடல் மூன்றும் அவ்விடத்திலேதான் உண்மையில் ஒன்றுசேர்ந்தன. வலை வாங்கியவர் யார், அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது, வலை கிழிந்தால் நட்டம் யாருக்கு என்றெல்லாம் அப்பிள்ளைகள் ஒரு வாரம் விசாரித்திருக்கலாம். சம்மாட்டி பக்கத்து நியாயமும் வெளிவந்திருக்கும். இதை நாம் கூறியபோது, "அந்தச் சம்மாட்டியின் மகளும் என் வகுப்பில்தான் இருக்கிறாள்" என்றார் ஆசிரியை. நாம் சற்று நேரம் வாயடைத்திருந்தோம். அவரது அச்சம் எமக்கு விளங்குகிறது. ஆயினும் அம்மகளும் அவ்வினாவைக் கேட்கத் தகுதியுடையவளே என்ற எம் கருத்து மாறவில்லை.

சேர்ந்து கற்றல் எமது மாவட்டத்துக்கு இறக்குமதிச் சரக்கு அன்று. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் மாதோட்ட நாடக ஏடுகள் சிலவற்றைப் பதிப்பித்து அச்சேற்றினார். அவ்வேடுகளை ஆடியோரிற் பலர் எழுத்தறியாத உழவரும் மீனவரும் ஆவர். வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்க, தெரியாதவர் காதாற் கேட்டு மனத்திலிருத்தினர். அண்ணாவியாரின் முன்னிலையில் இருவருமே அரசர்களாயினர்.

இவ்வளவும் கூறிவிட்டு, குழுவே போதும் என்று நாம் முடித்தால் அது சிறுவனுக்குச் செய்யும் துரோகமாகும். நாளைக்குக் கருவாட்டு வியாபாரி கணக்குப் புத்தகத்தைத் திறந்து கடன் எழுதும்போது சிறுமி பக்கத்தில் இருக்கமாட்டாள். தொழிலாளியின் பிள்ளை தனியே நின்று எழுதவும் வாசிக்கவும் வேண்டும். மற்றவரின் அறிவு அவனுக்கு உரித்தாக வேண்டும். இதற்கும் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. மூன்று வாரங்களின் பின் சிறுவன் அரைவாசியைத் தானே எழுதினான், தலைகீழாக: மேலே இரண்டு, கீழே ஒன்று. சிறுமி சிரித்தாள். படம் வரைபவன் சிரிக்கவில்லை. ஒரு மீனை வரைந்தான். பக்கத்தில் இரண்டு முழு மீன்களை வரைந்தான். "நீ பிடிச்சது ஒண்டு, பங்கு ரெண்டோ?" என்று கேட்டான். சிறுவன் அழித்துத் திருத்தினான். அதன்பின் அவன் அப்பிழையை விடவில்லை என்று தேதியுடன் குறிக்கப்பட்டுள்ளது. பிழை எவ்வாறு தோன்றியது, யாரால், எதைக் கொண்டு திருத்தப்பட்டது என்பதைப் புள்ளியிடும் எந்த அறிக்கையும் எமக்குச் சொல்லாது.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டோம்: யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்துப் பள்ளியில், பரீட்சையில் தவறவிடப்பட்ட எட்டுச் சிறுவர்கள் சேர்ந்து 1967இல் ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக ஒரு முழு நூலையே எழுதினார்கள். முகப்பில் தனியொருவரின் பெயரும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் அவ்வளவை நாம் எதிர்பார்க்கவில்லை.

இரு வாரங்கள் கழித்து ஆசிரியை தொலைபேசியிற் பேசினார். மூவரும் ஒரு மதிய இடைவேளை முழுவதும் கொப்பியுடன் இருந்தார்களாம். சிறுமி விரலால் சொற்களைக் காட்ட, சிறுவன் எழுத்துக் கூட்டி வாசித்தானாம். ஆனி மாதப் பக்கமொன்றில், "வாடைக் காற்றுப் பலமாக வீசியதால் இன்று வெளிக்களச் செயற்பாடு நடைபெறவில்லை" என்று ஆசிரியை எழுதியிருந்தார். அவர் கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயலூரிற் பிறந்தவர். சிறுவன் அவ்வரியில் நின்றுவிட்டான். "ரீச்சர், அண்டைக்கு அடிச்சது வாடை இல்லை, சோளகம்" என்றான். பென்சிலை வாங்கித் தானே திருத்தி எழுதினானாம். 'ள'கரத்துக்குப் பதில் 'ழ'கரம் போட்டிருக்கிறான் என்றும், அதைத் தாம் இன்னும் திருத்தவில்லை என்றும் ஆசிரியை கூறினார்.