லெலூஷின் எட்டு நிமிடம்: படம் நிஜம், சத்தம் பொய்

வேகமாக கார் ஓட்டுவதில் பித்துப் பிடித்த யாரிடமாவது பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். எப்படியும் பேச்சு அந்தப் பாரிஸ் படத்துக்கு வந்துவிடும். 1976-ல் க்ளோத் லெலூஷ் எடுத்த குறும்படம். பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் எழுதினால் 'செத்தே அன் ராந்தெவு' என்று வந்து தொலைக்கிறது. 'அது ஒரு சந்திப்பு' என்றுதான் அர்த்தம், ஆனால் அவர் ஓட்டிய ஓட்டுக்கு அந்த 'செத்தே' பொருத்தமாகத்தான் இருக்கிறது. இங்கே ராந்தெவு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

கதையே கிடையாது. ஆகஸ்ட் மாதம், விடியற்காலை. போர்ட் தோஃபின் பக்கத்திலிருந்து ஒரு கார் கிளம்புகிறது. அவென்யூ ஃபோஷ், ஆர்க் த ட்ரியோம்ஃப் வளைவு, ஷான்ஸ் எலிசே, கோன்கோர்ட் சதுக்கம், லூவ்ர், ஓப்பரா, பிகால் என்று ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் மோன்மார்த்ர் குன்றின் மேல், சாக்ரே கெர் தேவாலயத்துக்கு முன்னால் நிற்கிறது. வெட்டு இல்லாத ஒரே ஷாட். காரை நாம் பார்ப்பதே இல்லை, அதன் மூக்குக்குக் கீழே இருந்து சாலையை மட்டும் பார்க்கிறோம். சிவப்பு விளக்கு, ஒருவழிப் பாதை எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஓரிடத்தில் குப்பை லாரியைத் தாண்ட நடைபாதையிலேயே ஏறிவிடும். புறாக்கள் சிதறுகின்றன, மனிதர்களும்தான். கடைசியில் ஓட்டியவர் இறங்குகிறார், படியேறி ஒரு பெண் வருகிறாள், கட்டிக்கொள்கிறார்கள். முடிந்தது.

இதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 2014-ல் போலோ ஜிடி வாங்கினதுக்கு இந்தப் படமும் ஒரு காரணம் என்று சொன்னால் மனைவி சிரிப்பார். 105 குதிரைத்திறன் வண்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது, வருகிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் மறுபடியும் போட்டேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்களே என்று சத்தத்தை முழுசா அணைத்துவிட்டுப் பார்த்தேன். அன்றுதான் முதல் தடவையாக வேறு ஒரு படத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

சத்தம் இல்லாவிட்டால் அந்தக் கார் அவ்வளவு வேகமாகப் போகவில்லை! அட, வேகம்தான், ஊருக்குள் போகக்கூடாத வேகம்தான். ஆனால் நாம் நினைத்துக்கொண்டிருந்த வேகம் இல்லை. கணக்குப் போட்டால் புரியும். தூரம் சுமார் 10 கிலோமீட்டர், நேரம் சுமார் 8 நிமிடம், ஆக சராசரி மணிக்கு 75-80 கிமீ. லெலூஷ் தான் 200-ஐத் தாண்டினதாகச் சொன்னார். படத்தைச் சட்டம் சட்டமாக அளந்து பார்த்தவர்கள் 140-க்கு மேல் எங்குமே போகவில்லை என்கிறார்கள். மீதி வேகம் எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதி கேமரா வைத்த உயரத்திலிருந்து. கண் தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, தரை அவ்வளவு வேகமாக ஓடுவதாக மூளைக்குப் படும். ஓட்டுநரின் கண் சாலையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கேமரா 40 செமீ-ல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காருக்கு நேர் முன்னால் இருக்கும் தரை மூன்று மடங்கு வேகத்தில் பாய்வது போல இருக்கும். கோ-கார்ட்டில் 50 கிமீ போகும்போதே உயிர் போகிற மாதிரி இருப்பதும், பேருந்தின் முன்சீட்டில் 90-ல் தூக்கம் வருவதும் இதனால்தான்.

பெரிய பகுதி சத்தத்திலிருந்து. இங்கேதான் விஷயமே இருக்கிறது. படத்தின் ஆரம்பத்தில் ஒரு அறிவிப்பு வரும்: எந்தத் தந்திரமும் இல்லை, படம் வேகப்படுத்தப்படவில்லை என்று. காட்சியைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் நாம் கேட்கும் இன்ஜின் அந்தக் காரோடதே இல்லை. கேமரா பொருத்தியிருந்தது மெர்சிடிஸ் 450 எஸ்இஎல் 6.9-ல். அது ஒரு முதலாளி வண்டி: 6.8 லிட்டர் வி8, மூன்றே கியர், அதுவும் ஆட்டோமேட்டிக். பின்சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கச் செய்தது. அதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொறியியல் காரணம் உண்டு. அதன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் இல்லாமல் எண்ணெயிலும் வாயுவிலும் இயங்குவது, தன்னைத்தானே மட்டப்படுத்திக்கொள்ளும். பாரிஸின் கல் பாவிய தெருக்களில் கேமரா குலுங்காமல் இருக்க அதைவிட நல்ல வண்டி அன்று கிடைத்திருக்காது. நாம் கேட்பதோ லெலூஷின் சொந்த ஃபெராரி 275 ஜிடிபி. 3.3 லிட்டர் வி12, ஐந்து கியர், கையால் மாற்றுவது. தனியாகப் பதிவு செய்து மேலே ஒட்டியிருக்கிறார்கள். கியர் மாறும் சத்தத்தைக் காட்சியின் வேகத்தோடு பொருத்திப் பார்த்தால் பல இடங்களில் ஒட்டவே ஒட்டாது.

"தந்திரம் இல்லை" என்று போர்டு மாட்டிவிட்டு தந்திரத்தைக் காது வழியாக அனுப்பியிருக்கிறார் மனிதர். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, சினிமா என்றாலே அதுதான். வேகப் பித்தர்களான நம்மைப் பற்றி இது என்ன சொல்கிறது என்பதில்தான் என் ஆர்வம். நாம் காதலிப்பது வேகத்தை அல்ல. அது இன்ஜின் ஏறி இறங்கும் சத்தம், வளைவுக்கு முன்னால் கியர் இறங்கும் அந்த அரை நொடி, ஒரு கருவி நம் காலுக்குப் பதில் சொல்கிறது என்ற உணர்வு. அது 105 குதிரைத்திறனிலும் கிடைக்கும், இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் போட்டு ஓட்டினபோது எனக்கு முழுசாகக் கிடைத்தது. அங்கே வேகம் என்பது ஒரு கணக்கு. எங்கே பிரேக் போடணும், எங்கே திருப்பணும், போன சுற்றைவிட இரண்டு மீட்டர் தள்ளிப் போடலாமா என்று மண்டை முழுக்க அதுதான் ஓடும். சொல்லப்போனால் பயமே இல்லை.

அப்படியென்றால் ராந்தெவு ஏன் இன்னும் இழுக்கிறது? இதற்கு லெலூஷே தெரியாமல் ஒரு சோதனை செய்து கொடுத்திருக்கிறார். 2020 மே 24, மொனாகோ கிராண்ட் ப்ரீ நடந்திருக்க வேண்டிய நாள். கொரோனாவால் பந்தயம் ரத்து. அன்று அதே தெருக்களை மூடிவிட்டு, சார்ல் லெக்லெர்க்கை ஃபெராரி எஸ்எஃப்90 ஸ்ட்ராடலேயில் உட்காரவைத்துத் தன் பழைய படத்தைத் திரும்ப எடுத்தார். அப்பன் படத்தைவிட மகன் படத்தில் எல்லாமே உசத்தி. ஓட்டுபவர் மொனாகோவிலேயே பிறந்து வளர்ந்த ஃபார்முலா 1 வீரர், வண்டியில் ஏறத்தாழ ஆயிரம் குதிரைத்திறன், வேகம் உண்மையிலேயே அதிகம், காரும் ஃபெராரிதான். ஆனால் படம் சப்பென்று இருக்கிறது. இரண்டாவது தடவை பார்க்கத் தோன்றவில்லை.

ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். வண்டி முன்னால் யாரும் வந்துவிட மாட்டார்கள் என்று தெரியும், அதுதான். முதல் படத்தில் நம் கண் எதைத் தேடிக்கொண்டே இருக்கிறது? சந்து முனையை. அங்கிருந்து யாராவது கால் வைத்துவிடுவார்களோ என்று. அதை எடுத்துவிட்டால் படத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. அந்த எட்டு நிமிடச் சுகத்துக்கு எரிபொருள், பணயம் வைக்கப்பட்டதே தெரியாத யாரோ ஒருவரின் உயிர். இதை எழுதக் கொஞ்சம் கூசுகிறது, ஆனால் வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

லூவ்ர் இடத்தைப் பார்ப்போம். வளைவுக்குள் நுழைந்து ரிவோலி தெருவைக் கடக்கும் இடம். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. வழி முழுக்க லெலூஷ் ஒரே ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான் செய்தார், அது இங்கே. உதவி இயக்குநர் எலி சூராக்கியை வாக்கி டாக்கியோடு நிற்க வைத்தார். யாராவது வந்தால் சூராக்கி எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கை வரவில்லை, லெலூஷ் போய்விட்டார். பிறகுதான் தெரிந்தது, வாக்கி டாக்கி வேலையே செய்யவில்லை. யாராவது வந்திருந்தாலும் எச்சரிக்கை வந்திருக்காது.

சாஃப்ட்வேரில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இதைப் படித்ததும் முதுகு சில்லிட்டது. "பிழைச்செய்தி வரவில்லை, அதனால் எல்லாம் சரி" என்று எழுதப்பட்ட நிரல்களை நடு ராத்திரியில் எழுந்து சரிசெய்திருக்கிறேன். இங்கே மௌனத்துக்கு இரண்டு அர்த்தம்: ஆபத்து இல்லை, அல்லது சொல்லும் கருவி செத்துவிட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் அமைத்தால் அது பாதுகாப்பே இல்லை. ரயில்வேக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டவர்கள். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் அந்தக் காலத்தில் டிரைவர் அந்த டோக்கனைக் கையில் வாங்காமல் அடுத்த ஸ்டேஷனுக்கு நகர முடிந்ததில்லை. சின்ன வயதில் ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தை நீட்ட, டிரைவர் கையைக் கோத்து வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'வரலாம்' என்பதுதான் செய்தி. செய்தி வராவிட்டால் நிற்கணும். லெலூஷ் அதைத் தலைகீழாக வைத்திருந்தார்: செய்தி வந்தால்தான் நிற்கணும்.

நிறுத்த முடிந்திருக்குமா என்பது வேறு. 70 கிமீ வேகத்தில், காய்ந்த சாலையில், ஒரு நொடி சுதாரித்து முழு பிரேக் போட்டால் நிற்க 45 மீட்டராவது வேண்டும். 140-ல் கிட்டத்தட்ட 150 மீட்டர். அந்த மாடலுக்கு ஏபிஎஸ் வந்ததே 1978-ல்தான்.

நியாயமாகச் சொல்லணும்னா, லெலூஷுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. பத்து வருஷம் முன்னால், 1966-ல், அவர் எடுத்த 'ஒரு ஆணும் ஒரு பெண்ணும்' படத்திலும் இதே சங்கதிதான். ரேஸ் ஓட்டுநரான நாயகன், அவளிடமிருந்து தந்தி வந்ததும் மான்டி கார்லோவிலிருந்து ராத்திரி முழுக்க மஸ்டாங் ஓட்டி அவளைத் தேடிப் போகிறான். காதலுக்காக வேகம். ஆனால் அந்தப் படத்தில் வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. அவனுடைய முதல் மனைவி, லெ மான்ஸில் அவனுக்கு விபத்து நடந்ததைத் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டவள். அவன் ஓட்டும்போதெல்லாம் அது நமக்கு நினைவில் இருக்கும். ராந்தெவுவில் அந்த மனைவியை எடுத்துவிட்டார். ஓட்டமும் கட்டிப்பிடிப்பும் மட்டும் மிச்சம். 1000 அடி ரீலில் 11 நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் இடம் இல்லாமல் போயிருக்கலாம்! கடைசியில் வரும் பெண் குனில்லா ஃப்ரீடன், அன்று லெலூஷின் நிஜக் காதலி. அவள் படியேறி வந்ததும் அதுவரை பார்த்த அத்தனையும் 'பாவம், லேட்டாயிடுச்சு போல' என்று மாறிவிடுகிறது. நாமும் மன்னித்துவிடுகிறோம். நடைபாதையில் ஒதுங்கினவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சம்பந்தத்தைச் சொல்கிறேன் என்றேன். 2016-ல் ஒரு விடியற்காலை, திண்டிவனம் தாண்டி, காலி நான்குவழிச் சாலை. வண்டியில் நான் மட்டும். மீட்டர் 150-ஐத் தொட்டிருந்தது. எதிரே மீடியன் இடைவெளியில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், இரண்டு பக்கமும் பால் கேன். முன்சக்கரம் என் லேனுக்குள் வந்துவிட்டது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். நான் பிரேக் போடவில்லை, அதற்கு நேரமே இல்லை. அவர் காலை ஊன்றி நின்றார். அவ்வளவுதான் நடந்தது. இதை ஆபீஸில் 'ஜஸ்ட் மிஸ்' கதையாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், சொல்லும்போதெல்லாம் நான் ஏதோ திறமையாகத் தப்பிச்ச மாதிரியே வரும். நான் எதுவும் செய்யவில்லை. அன்று பிரேக் போட்டது அவர்.

அந்த ராத்திரி சத்தமில்லாமல் படம் பார்த்தபோது நான் இதுவரை கவனிக்காத ஒன்றைக் கவனித்தேன். காரின் சாமர்த்தியம் என்று நான் நினைத்திருந்த பல இடங்களில் விலகுவது கார் இல்லை. தெருவைக் கடக்கப்போனவர் காலைப் பின்னுக்கு இழுக்கிறார், கார் நேராகப் போகிறது. காதில் ஃபெராரி கத்தும்போது அவர் கண்ணில் படுவதில்லை. நீங்களும் ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, சாலையைப் பார்க்காமல் ஓரங்களை மட்டும் பாருங்கள்.

போலோ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. டிராக்குக்குப் போவதையும் நான் விடவில்லை, அடுத்த முறை பின் டயர் காற்றழுத்தத்தை இரண்டு புள்ளி குறைத்துப் பார்க்கணும்.