முப்பத்தோரு கேக்கும் ஒரு 555 புத்தகமும்

ட்ரூமன் கபோட்டியின் ‘எ கிறிஸ்துமஸ் மெமரி’ கதையை இனிமையான கதை என்று சொல்லித்தான் நண்பர் கொடுத்தார். 1956-இல் வெளிவந்தது. ரூஸ்வெல்ட் அதிபராக இருந்த காலத்து அலபாமா. ஏழு வயதுப் பையனும், அறுபதைத் தாண்டிய அவனுடைய தூரத்து உறவுக்காரப் பெண்ணும் நவம்பர் கடைசியில் ஒரு காலையில் பழக் கேக் செய்யக் கிளம்புகிறார்கள். முதல் தடவை வாசித்தபோது எனக்கும் இனிமையாகத்தான் இருந்தது. வாசித்தேன், மூடிவைத்தேன், மறந்தும் போனேன்.

போன டிசம்பரில் மறுபடி எடுத்தபோதுதான் அதில் இருக்கும் கணக்கு கண்ணில் பட்டது. இரண்டு பேரும் வருஷம் முழுக்கச் சில்லறை சேர்க்கிறார்கள். கட்டிலுக்கடியில், தரைப்பலகைக்குக் கீழே பணப்பை. எண்ணிப் பார்த்தால் அவளுக்கு 12 டாலர் 73 காசு வருகிறது, அவனுக்குச் சரியாக 13. பதின்மூன்று ஆகாது என்று ஒரு காசை ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். பிக்கான் கொட்டை வாங்கக் காசில்லை. பழைய பிள்ளைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்தவர் தோப்பில் விழுந்து கிடப்பதைப் பொறுக்குகிறார்கள். நாலு நாள் அடுப்பு எரிந்து முப்பத்தோரு கேக் தேறுகிறது. தபால் தலை ஒட்டியதும் பை காலி.

அந்தக் கேக்குகள் யாருக்குப் போகின்றன என்பதுதான் கதையின் உயிர். சொந்தக்காரர்களுக்கு இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை வரும் சாணைபிடிப்பவருக்கு. தினமும் கையாட்டிவிட்டுப் போகும் பஸ் டிரைவருக்கு. அதிபருக்கே ஒன்று. போர்னியோவில் ஊழியம் செய்யும் ஒரு பாதிரியார் தம்பதிக்கும் ஒன்று. (முப்பத்தொன்றில் ஒன்று நம்ம பக்கம் வந்திருக்கிறது!)

கபோட்டி பாசம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு கதையை நடத்துவதில்லை. காசையும் பெயர்ப் பட்டியலையும் சொல்கிறார், பாசம் தானாக வந்து சேர்கிறது. நம்முடைய பண்டிகைக்கால எழுத்தில் நான் தேடிக் கிடைக்காதது இதுதான். ‘தோட்டத்து நினைவுகள்’ என்று ஆரம்பிக்கும் கதைகளில் பலகார வாசம் மூக்கைத் துளைக்கும். எண்ணெய் யார் வாங்கியது, கடனா ரொக்கமா, எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. அடுத்தவரை மட்டும் சொல்லவில்லை. நானே அப்படி ஒன்று எழுதி ஒரு பண்டிகை மலரில் வந்திருக்கிறது. அதில் பாட்டி ‘மலர்ந்த முகத்தோடு’ அச்சுமுறுக்கு சுடுவார்.

பாகான் டத்தோவில் தென்னைக்குப் பஞ்சமில்லை. அதனால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் கேக் இல்லை, தேங்காய்ப்பாலில் கரைத்த அச்சுமுறுக்குதான். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அன்று முதல் ஊதா மெழுகுவர்த்தியை ஏற்றிய பிறகுதான் பாட்டி அரிசி ஊறவைப்பார். மூன்றாம் ஞாயிற்றின் ரோஜா நிற மெழுகுவர்த்திக்குள் டின்கள் நிறைந்திருக்க வேண்டும். நிறைந்தாலும் தொட முடியாது. “காத்திருக்கிற காலம்டா இது. ஒடைஞ்சது மட்டும் ஒங்களுக்கு” என்பார். நாங்கள் உடைவதற்காக ஜெபம் செய்த பிள்ளைகள்.

வேலை எளிதல்ல. அச்சை எண்ணெய்க்குள்ளேயே வைத்துச் சூடேற்ற வேண்டும். சூடு பத்தாவிட்டால் மாவு பிடிக்காது. மீறினால் மாவுக்குள் வைத்த உடனே பொரிந்து கழன்று சட்டியிலேயே கிடக்கும். அச்சின் மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் வெந்த பிறகு கழலவே கழலாது. எந்திரவியல் படித்த எனக்கு இந்தச் சூட்டை ஒரு எண்ணாகச் சொல்ல ஆசை. பாட்டி சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ஒவ்வொன்றாகச் சில நூறு சுட வேண்டும். நவம்பர், டிசம்பர் மழையில் மூடி சரியாக அடைக்காத டின் இரண்டு நாளில் நமுத்துவிடும். பாட்டியின் வலது முன்னங்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள் இருக்கின்றன. என் கதையில் அந்தக் கை வரவில்லை.

போன வருஷம் அவருக்குச் சட்டியைத் தூக்க முடியவில்லை. “நீ சுடு, நான் சொல்றேன்” என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். யார் யாருக்கு என்று கேட்டேன். ஒரு 555 புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கடைக் கடன் எழுதுகிற அதே சின்னப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு வருஷம். மாக்சிக் வீடு 2. கடை தவுக்கே 2. தேங்காய் லாரி டிரைவர் 1. ‘மழையில தம்பிய மோட்டார்ல ஏத்தியாந்தவரு 1’. பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கோடு இருந்தால் டின் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் வெறும் டின்னைத் திருப்புவதில்லை. மாக்சிக்கின் டின் நோன்புப் பெருநாளுக்கு ஏதாவது குய்யோடு வரும்.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்த நாலு வருஷமும் கடைசி வரி ஒன்றேதான்: ‘தம்பி 1, பஸ் 5 வெள்ளி’. தெலுக் இந்தான் பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய டின்கள். விடுதியில் ஒரே சாயங்காலத்தில் தீர்ந்துவிடும். வந்து சேர்ந்தது என்று போன் செய்த ஞாபகம்கூட இல்லை. நாலு வரியிலும் கோடு இல்லை.

அதற்குப் பிறகு கதையின் கடைசிப் பக்கங்களை இனிமை என்று சொல்ல என்னால் முடியவில்லை. பையனை ராணுவப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவள் தனியாகச் சுடுகிறாள், அந்த வருஷத்தில் நன்றாக வந்த கேக்கை அவனுக்கு அனுப்புகிறாள், கூடவே சினிமாவுக்கு ஒரு பத்துக் காசு. அவன் என்ன திருப்பி அனுப்பினான்? கபோட்டி சொல்லவில்லை. அவள் இருக்கும் வீட்டுக்குத் தான் போனதில்லை என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடக்கிறார். காசு காசாக எண்ணியவர் இந்த இடத்தில் மட்டும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். கதையின் பெரிய குறை இது என்று நினைக்கிறேன். இன்னொன்று, விஸ்கி விற்கும் செவ்விந்தியரான ஹாஹா ஜோன்ஸ். காசைத் திருப்பிக் கொடுத்து, பதிலுக்கு ஒரு கேக் போதும் என்கிற மனுஷனை, பிள்ளையைப் பயமுறுத்தும் ராட்சசன் மாதிரி கொண்டுவந்து நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

எண்ணெய் காய்கிற நேரத்தில் இந்தக் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். காசை எறிந்த இடத்தில் “பாவம், ஒரு முட்டக்காசு” என்றார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

“முப்பத்தோரு கேக்குக்கு முட்ட எத்தன ஒடச்சாங்க?”

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். நிறைய முட்டை என்றுதான் இருக்கிறது, எண்ணிக்கை இல்லை.

“அப்ப அந்தப் பையன் வண்டி தள்ளுனதோட சரி” என்றார். “அச்சு காஞ்சிருச்சு பாரு, முக்கு.”