கிரைண்டர் இல்லாத குசினி

"புது வீடு கட்டியிருக்கீங்க, கிச்சன்ல ஒரு கிரைண்டரைக்கூடக் காணோமே?" யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் குடிபூரலுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர் கேட்டார். கேட்ட தொனியில் கெடுதல் இல்லை, இரக்கம்தான் இருந்தது. போரில் அடிபட்ட ஊர், பாவம், இன்னும் சாமான் சேரவில்லை என்று நினைத்துவிட்டார். ஏளனமென்றால் சிரித்துக் கடந்திருப்பேன். இரக்கத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அவர் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் நான் தங்கிய வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை அரிசியும் உளுந்தும் ஊறும், இரவு கிரைண்டர் ஓடும், அந்த மா பிறிட்ஜுக்குள் போய்க் கிழமை முழுவதும் இட்லியாகவும் தோசையாகவும் வெளியே வரும். அப்படிச் சாப்பிடுகிற வீட்டுக்குக் கல் கிரைண்டர் கட்டாயம் வேண்டும். 1950களில் கோயம்புத்தூரில் பி. சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டர் பூட்டியதிலிருந்து அந்த நகரத்துக்கு அது ஒரு பெரிய தொழில்; கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. 2011இல் ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுத்தது. அரசாங்கமே கொடுத்த சாமான் ஒரு வீட்டில் இல்லையென்றால், அந்த வீடு குறைப்பட்ட வீடாகத்தான் அவர்களுக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்துச் சாப்பாடு வேறு. காலையும் இரவும் புட்டு, இடியப்பம்; தோசை கிழமையில் ஒருநாள். புட்டுக்கு ஆட்டுகிற வேலை இல்லை. வறுத்த சிவப்பரிசி மாவும் கொதிதண்ணியும் தேங்காய்ப்பூவும் இருந்தால் போதும். மாவையும் மிளகாய்த்தூளையும் மில்லில் திரிப்பித்து வந்து போத்தலில் போட்டு வைப்போம். கிழமையில் ஒருநாள் தோசைக்காகப் பதினைந்து கிலோ கல்லை மேசையில் ஏற்றி வைப்பதில் எனக்கு ஒரு பொருளும் தெரியவில்லை.

பெயர்களாலும் பாதிக் குழப்பம். அக்கா கிரைண்டர் என்றது கல் சுழல்கிற இயந்திரத்தை. இங்கே கடையில் கிரைண்டர் என்று கேட்டால் மிக்ஸியைத்தான் எடுத்துத் தருவார்கள். நாங்கள் காஸ் குக்கர் என்றால் அடுப்பு. அவர்கள் குக்கர் என்றால் விசில் அடிப்பது. அவர்களுடைய மாடுலர் கிச்சன் எங்களுக்குப் பான்ட்ரி. நான் தேங்காய்ப்பூ என்றபோது முளைத்த தேங்காய்க்குள் இருக்கிற பூவென்று நினைத்து, "அதை எதுக்குப் புட்டுல போடுறீங்க?" என்று கேட்டார். திருவிய தேங்காய் என்று சொன்ன பிறகுதான் விளங்கியது.

அந்தத் தேங்காயிலேயே இரண்டு ஊர் அடுப்படியும் பிரிந்துவிடுகிறது. அங்கே தேங்காயைத் துண்டு துண்டாகக் கீறி மிக்ஸியில் போடுகிறார்கள். இங்கே திருவலையில் குந்தித் திருவி, கையால் பிழிந்து முதற்பால் தனியாக, கப்பிப்பால் தனியாக எடுக்கிறோம். சொதிக்கு இறுதியில் விடுகிற முதற்பாலின் ருசி மிக்ஸிப்பாலில் வராது. சம்பலும் அப்படித்தான். மிக்ஸியில் ஓர் இழுப்பு கூடினாலும் தேங்காய் எண்ணெய் கக்கிச் சட்னி ஆகிவிடும். அம்மியில் வெங்காயம் அரைவாசி நசிந்தும் நசியாமலும் இருக்கிற பதம்தான் சம்பல். ஆகவே புது வீடு கட்டும்போது அம்மிக்கு இடம் ஒதுக்கிய பிறகே நான் மற்றச் சாமான்களை யோசித்தேன். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்கும் அப்படித்தான். பனையோலையில் இழைத்த அந்தக் கூம்பு நீராவியின் ஈரத்தைத் தானே உறிஞ்சிப் புட்டை உதிரியாக வைத்திருக்கும். உலோகக் குழலில் அடிப்புட்டு நனைந்துவிடும். கழுவியதும் வெயில் காட்டாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், பின்வாசல் கதவுக்குப் பக்கத்தில் வெயில்படும் சுவரில் அதற்கென்று ஒரு கொளுக்கி அடிப்பித்தேன். எந்தப் பான்ட்ரிக் கம்பனியின் படத்திலும் அந்தக் கொளுக்கி இருக்காது.

எங்களிடம் அக்கா வியந்து பார்த்த ஒரு சாமானும் உண்டு: கேத்தில். அங்கே தேநீர் என்றால் பசும்பாலைக் காய்ச்சி, தூளைப் போட்டுக் கொதிக்க வைப்பது. அதற்கு அடுப்பு வேண்டும். இங்கே வெறும் தேத்தண்ணியோ மாப்பால் தேத்தண்ணியோ, சுடுதண்ணி இருந்தால் முடிந்தது. வருகிறவருக்குப் பனங்கட்டிக் கடியோடு மூன்று நிமிடத்தில் நீட்டலாம். ஆனால் கேத்தில் வாங்கும்போது யாழ்ப்பாணத்துத் தண்ணீரை மறக்கக் கூடாது. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் வெட்டியவை. கிணற்றுத் தண்ணீரை அப்படியே கொதிக்க வைத்தால் கொஞ்ச நாளிலேயே கேத்திலின் அடியில் வெள்ளைச் செதில் படியும். விட்டால் அது தடித்து, தண்ணீர் கொதிக்க நேரம் பிடிக்கும், சூடாக்கி எரிந்துபோகும். கம்பிச் சுருள் வெளியே தெரிகிற கேத்திலை எடுக்க வேண்டாம், அடி தட்டையானதை எடுங்கள். அப்படியென்றால் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விட்டு ஒருமுறை கொதிக்க வைத்துத் துடைத்துவிடலாம்.

சுவரில் இருக்கிற பிளக்கிலும் எங்கள் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தியச் சமையலறையில் உருண்டை முனைகளிலேயே இரண்டு அளவு: மிக்ஸிக்கு 6 அம்பியர், சூடாக்கும் சாமானுக்குப் பெரிய 16 அம்பியர். எதை எங்கே செருகுவது என்று பார்த்துச் செருக வேண்டும். எங்கள் புது வீடுகளில் சதுர முனை 13 அம்பியர் ஒன்றுதான், பிளக்குக்குள்ளேயே பியூசும் இருக்கும். 230 வோல்ட்டில் 13 அம்பியர் என்றால் ஏறத்தாழ 3000 வாட். 2000 வாட் கேத்திலை எந்தப் பிளக்கிலும் பயமில்லாமல் போடலாம். பழைய வீடுகளில் எங்களுக்கும் உருண்டை முனைதான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கேத்தில், றைஸ் குக்கர், மைக்ரோவேவ் மூன்றையும் ஒரே வயரில் இழுக்க விடாமல், குசினிக்குத் தனி வயர் இழுக்கும்படி எலெக்ட்ரீசியனிடம் சுவர் பூசுமுன்பே சொல்லிவிடுங்கள்.

எரிபொருள் விஷயத்தில் அக்காவுக்கு எங்கள் வீடு விளங்கவே இல்லை. உள்ளே காஸும் மின்சாரமும் இருக்க, பின்னால் எதற்கு விறகடுப்போடு இன்னொரு குசினி? அங்கே 14.2 கிலோ சிலிண்டர், பதிவு செய்தால் வீட்டு வாசலுக்கு வரும். மின்சாரத்திலும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை அரசு 2016 முதல் இலவசமாகத் தருகிறது. நல்ல ஏற்பாடு. இங்கே 12.5 கிலோ வெறும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போய் மாற்றி வர வேண்டும். 2021 நவம்பரில் நாட்டின் பல இடங்களில் காஸ் அடுப்புகள் வெடித்தன; காஸின் கலவை மாறியதுதான் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. அடுத்த வருடம் காஸே இல்லை, சிலிண்டர்களைக் கயிற்றால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். 2022 மார்ச் முடிவில் ஒருநாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கொழும்பில் மாடி வீடுகளில் இருந்தவர்கள் சமைக்க வழியின்றித் தவித்தபோது, எங்கள் ஒழுங்கைகளில் ஊமலும் பொச்சுமட்டையும் சிரட்டையும் எரிந்தன, சோறு நேரத்துக்கு வெந்தது. தொண்ணூறுகளில் பல வருடம் கறண்ட் இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒரே எரிபொருளை நம்பி நாங்கள் வீடு கட்ட மாட்டோம். விறகடுப்பைப் பழசு என்று யாரும் இடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். மீன் குழம்பும் ஒடியல் கூழும் வைக்கிற வீட்டுக்குப் புகைபோக்கியோடு ஒரு வெளிக்குசினி, எத்தனை லட்சம் ரூபாய் சிம்னியையும்விட உதவும்.

சோறு வைக்கும் விதத்தில் நான் வாதாட வரவில்லை. மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசிக்குத் தண்ணீர் கூட வேண்டும், நேரம் கூட வேண்டும். றைஸ் குக்கரில் போட்டுவிட்டு எங்கள் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். சென்னையில் குக்கர் விசிலை எண்ணுகிறார்கள். கடலை, பயறு, இறைச்சிக்கு அவர்களுடைய பிரஷர் குக்கர் எங்களுக்கும் வேண்டியதுதான்.

அவர்களுடைய மிக்ஸியும் நல்ல மிக்ஸி. ஜெர்மன் மெஷின் இந்திய மசாலாவுக்குத் தாக்குப்பிடிக்காமல் போனதால்தான், 1960களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். மஞ்சளையும் உளுந்தையும் அரைக்கவென்றே செய்த மோட்டர் அது. பழக்கலவை அடிக்கிற பிளெண்டரை மினுக்கத்துக்காக வாங்கி உளுந்து போட்டு எரித்தவர்கள் இங்கே நிறையப் பேர்.

ஆகையால் வீடு கட்டுகிற யாழ்ப்பாணத்துச் சகோதரங்களுக்கும் காசு அனுப்புகிற வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். கனடாவிலிருந்து சமையல் சாமான் அனுப்ப வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230, செருகியதும் புகையும். பிறிட்ஜ், அடுப்பு, கேத்தில் எல்லாவற்றையும் யாழ்ப்பாணக் கடையில், வோரண்டி அட்டையில் கடைக்காரரின் முத்திரையோடு வாங்குங்கள். பலாலி விமானத்தில் சென்னை போய் வருகிறவர்கள் மிக்ஸியை மட்டும் கொண்டுவாருங்கள். இந்தியாவின் மின்சாரமும் 230 வோல்ட்தான், பிளக்கை மாத்திரம் மாற்ற வேண்டும். அதன் வோரண்டி இங்கே செல்லாது என்பதால் ஜார் கப்ளரிலும் பிளேட்டிலும் ஒரு செட் கூடுதலாக வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.